சம்பளச் சீட்டுக்குள்ளே – 7: படுத்த நாளுக்கும் கூலி உண்டு

சென்ற வாரம் பி.எஃப். பிடித்தத்தைப் பார்த்தோம். அதற்கு அடுத்த வரி ஈ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவரின் சம்பளத்தில் நூற்றுக்கு 75 காசு பிடிக்கிறார்கள். முதலாளி தன் பங்காக 3.25 ரூபாய் கட்டுகிறார். மருந்து மாத்திரைக்கான பணம் என்றே பலர் இதை நினைக்கிறார்கள். நோயில் படுத்த நாளுக்கான கூலியும் இதிலிருந்துதான் வருகிறது.

யாருக்கு வரும்? ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்தந்த அரையாண்டில் 78 நாளுக்காவது சந்தா சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருந்தால் சராசரி நாள் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாள் மட்டும் கணக்கில் வராது. முதன்முறையாக ஈ.எஸ்.ஐ.யில் சேர்கிறவருக்கு மருத்துவம் உடனே உண்டு; நோய்க்காலக் கூலிக்கு ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும்.

கம்பெனி மாறி மாறி வேலை பார்ப்பவர்கள் இழப்பது இங்கேதான். திருப்பூரில் நாளுக்கு 500 ரூபாய் வாங்கும் ஒரு தையல்காரரை எடுத்துக்கொள்வோம். ஏற்கெனவே ஈ.எஸ்.ஐ. எண் உள்ளவர். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு கம்பெனியில் 45 நாள், ஜூலையில் மாறி செப்டம்பர் வரை இன்னொன்றில் 50 நாள் வேலை. பிப்ரவரியில் மஞ்சள் காமாலை, ஈ.எஸ்.ஐ. மருத்துவர் 20 நாள் ஓய்வுக்குச் சான்று தருகிறார். இரண்டு இடத்திலும் ஒரே எண் என்றால் 95 நாள் கணக்கு. இரண்டு நாள் போக, 18 நாளுக்கு நாளொன்றுக்கு 350 வீதம் 6,300 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும்.

இரண்டாவது கம்பெனி புது எண் போட்டிருந்தால்? பழைய எண்ணில் 45 நாள்தான் நிற்கும்; 78 தேறாது. புது எண்ணில் அவர் புது ஆள். ஒன்பது மாதம் முடிய ஏப்ரல் ஆகிவிடும். உழைத்தது அதே 95 நாள், பிடித்தது அதே பணம். கையில் வருவது ஒரு ரூபாய்கூட இல்லை.

காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு கூலி இரண்டு ஆண்டு வரை உண்டு. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுச் சந்தாக் கணக்கைப் பார்ப்பார்கள். எண் சிதறியவருக்கு அதுவும் எட்டாமல் போகலாம். குடும்பமே சாய்ந்து நிற்கும் நேரத்தில் நேரும் இந்த அநியாயத்தை என்னால் சாதாரண எழுத்துப் பிழையாக எண்ண முடியவில்லை.

ஆகவே, வேலைக்குச் சேரும் நாளிலேயே பழைய பத்து இலக்க எண்ணை எழுதிக் கொடுங்கள். ‘புதுசா போட்டுக்கலாம்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே இரண்டு எண் இருந்தால், உடம்பு நன்றாக இருக்கும்போதே கிளை அலுவலகத்துக்குப் போய் ஒன்றாக்கித் தரச் சொல்லி மனுக் கொடுங்கள். சேர்க்கும்போதே பழைய எண் உண்டா என்று கேட்பது கம்பெனியின் கடமை. அது சலுகை அல்ல; கட்டிய பணத்துக்கான கணக்கு.

பிடித்த சந்தாவை முதலாளி கட்டாமலே விட்டிருந்தால் என்ன செய்வது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)