மலையகத் தோட்டங்களிற் கட்டிளமைப் பருவத்தினரின் மதுப்பழக்கம்: சிகிச்சை பற்றிய சில குறிப்புகள்

மலையகத்தின் மதுப் பிரச்சினை பேசப்படும்போது, சம்பள நாளன்று தவறணைக்குச் செல்லும் தொழிலாளியே நம் நினைவுக்கு வருகின்றான். அவனது லயக் காம்பராவில் வளரும் பிள்ளை குடிக்கத் தொடங்குவது தனித்த பிரச்சினையாக நோக்கப்படுவது அரிது. அது பெரியோரின் குடியினது சிறிய வடிவமன்று. அதற்குரிய சிகிச்சையும் வேறானது.

முதலில் உடலியல் உண்மையொன்றை நோக்குவோம். உந்துதலை அடக்கித் தீர்மானமெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சியடைகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1997 இல் கிராண்ட், டோசன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியோரில் ஏறத்தாழ 40 வீதத்தினர் வாழ்நாளில் என்றோ மதுவுக்கு அடிமையாயினர். 20 வயதிலோ பின்னரோ தொடங்கியோரில் இது ஏறத்தாழ 10 வீதமே. இளவயதுத் தொடக்கமே காரணமென இதனாற் கூறிவிட முடியாது. வறுமையும் குடும்பச் சூழலும் இரண்டுக்கும் பின்னால் நிற்கலாம். எனினும் காலந்தாழ்த்தலாகாது என்பது தெளிவு.

தோட்டத்துச் சூழல் இத்தொடக்கத்தை எளிதாக்குகின்றது. நெருக்கமான லயத்திற் பெரியோரின் குடி பிள்ளையின் கண்ணுக்கு மறைவதில்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதைத் தடைசெய்கின்றது. ஆயின் கசிப்பு விற்பவன் எவரின் வயதையும் கேட்பதில்லை. தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணிக்குச் சென்றிருப்பின், மாற்றத்தை முதலிற் கண்டுகொள்ளும் கண்ணும் இல்லாமற் போகின்றது.

இந்நிலையில் அடித்துத் திருத்துவதும் கோயிலிற் சத்தியம் வாங்குவதும் பிள்ளையை ஒளித்துக் குடிக்கவே பழக்கும். சிகிச்சை தனிமையிற் கேட்கும் வினாவுடன் தொடங்குகின்றது: எப்போது, யாருடன், எதற்காகக் குடிக்கின்றாய்? பழக்கம் முற்றாதவிடத்து, குற்றஞ்சாட்டாத சில உரையாடல்களே பயன் தரலாம். முற்றியவிடத்துக் குடும்பம் முழுவதையும் உட்படுத்தும் ஆற்றுப்படுத்தல் வேண்டும். தந்தையின் குடியைத் தொடாது மகனின் குடியை நிறுத்துவது கடினம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துமிடத்து நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றலாம். ஆகவே அவரை வீட்டிற் பூட்டிவைத்தல் ஆபத்தானது. வைத்தியசாலையில், மருந்துடனும் தயமின் எனும் விற்றமினுடனும் நிறுத்துவித்தலே பாதுகாப்பானது. மீண்டும் குடித்துவிட்டால் அதனைச் சிகிச்சையின் தோல்வியாகக் கொள்ளாது, தொடரவேண்டியதன் அறிகுறியாகக் கொள்ளல் வேண்டும்.

இவையெல்லாம் மருத்துவம் அறிந்தவையே. தடை வேறிடத்தில் உள்ளது. நுவரெலியாவிலும் டிக்கோயாவிலும் அரச வைத்தியசாலைகள் உள்ளன. ஆனால் நாட்சம்பளத்திற்குக் கொழுந்து பறிக்கும் தாய் பிள்ளையுடன் அங்கு செல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு நாட் பெயரை இழக்கின்றாள். பஸ் கட்டணமும் சேர்கின்றது. பல வாரங்கள் தொடரவேண்டிய சிகிச்சை இரண்டாம் முறையோடு நின்றுவிடுவதற்கு அவளது அக்கறையின்மையைக் காரணங்காட்டுதல் நியாயமன்று.

ஆதலாற் சிகிச்சையே தோட்டத்திற்கு வருதல் வேண்டும். தமிழிற் பேசும் ஆற்றுப்படுத்துநர் ஒருவர் குறித்த நாளில், வேலை முடிந்த மாலைப்பொழுதிற் பாடசாலையிலோ தோட்ட மருந்தகத்திலோ பிள்ளையையும் பெற்றோரையும் சந்திக்க ஏற்பாடு செய்யலாம். வைத்தியசாலைக்குச் செல்ல நேரும் நாளுக்குச் சம்பளம் வெட்டப்படாதிருத்தல் வேண்டும். சம்பளத்திற்காகப் போராடிய தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைகளுள் இவற்றையும் சேர்த்துக்கொள்ளல் அவசியமாகும்.