கை நோவு: நிபுணரை நாடுவது எப்பொழுது?

வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே, பொழுது புலருமுன்னரே இடியப்ப உரலைப் பிழியும் கைகள் எத்தனை! கொட்டாஞ்சேனைக்கு அணித்தேயுள்ள செட்டியார் தெருவுக்காகத் தலை நிமிராது பொன்னிழைக்கும் கைகள் எத்தனை! பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரம் இடைவிடாது எழுதி, வீடு திரும்பியதும் கைத்தொலைபேசியைப் பற்றிக்கொள்ளும் மாணவர் கைகளையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். இக்கைகள் நோகும்போது நாம் செய்வது யாது? சிறிது தைலம் பூசித் துணியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் வேலையைப் பார்க்கின்றோம். பெரும்பாலான நோவுகளுக்கு இதுவும் சில நாள் ஓய்வுமே போதும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போதாத நோவு எது என்பதே கேள்வி.

நோவின் கடுமையைக் கொண்டு இதனை அளத்தல் பிழை. எந்த விரலில், எந்த வேளையில், எதனோடு கூடி வருகின்றது என்று பார்த்தல் வேண்டும்.

மணிக்கட்டின் உட்புறத்தில் ஒடுக்கமான ஒரு வழி உண்டு. அடியில் எலும்புகள், மேலே தடித்த ஒரு தசைநார். இவற்றினிடையே விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. அங்கே சற்று வீக்கம் உண்டாயினும் நசுங்குவது நரம்பே. 'கார்பல் டனல்' என வைத்தியர் கூறும் நோய் இதுவாகும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியன நள்ளிரவில் மரத்து, ஊசி குத்துவதுபோலாகும். உறக்கம் கலைந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்திருப்பார். சின்னி விரல் தப்பிக்கொள்ளும். அதற்கு நரம்பு வேறு. கர்ப்பிணிகள், நீரிழிவுள்ளவர்கள், தைரொயிட் சுரப்புக் குறைந்தவர்கள் ஆகியோரிடம் இது அதிகம். தொடக்கத்தில், இரவில் மணிக்கட்டை நேராக வைத்துக் கட்டும் பட்டியே பலருக்குச் சுகம் தரும்.

ஆனால் மரமரப்புப் பகலிலும் நீங்காதிருப்பின், சட்டைப் பொத்தானைப் பூட்டவும் ஊசியில் நூல் கோக்கவும் இயலாதிருப்பின், பெருவிரலின் அடிச்சதை வற்றித் தட்டையாகியிருப்பின், இனியும் தாமதித்தல் தகாது. இந்நிலையில் சிலருக்கு நோவு குறைந்தும் போவதுண்டு. குணமாகிவிட்டதென்று வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். உண்மையில் நரம்பு உணர்விழந்து வருகின்றது! தசைநாரை வெட்டி நெருக்கத்தை நீக்கும் சத்திரசிகிச்சை சிறியதே. எனினும் காலங்கடந்து செய்தால், வற்றிய சதை மீளாதுபோகலாம்.

உணர்விழந்த கைக்கு நேரும் கதியை உலகுக்குத் தெளிவாக்கியவர், 1914-ல் பிறந்து தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் வளர்ந்த டொக்டர் போல் பிராண்ட் ஆவார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த இவர், மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தைப் பார்வையிட்டார். நோயாளர் பலர் விரல் மடங்கி, குறைந்து காணப்பட்டனர். நோயே விரல்களைத் தின்கின்றதென்று உலகம் நம்பிய காலம் அது. அவ்வாறன்று, நோவு தெரியாமையால் நாள்தோறும் படும் தீக்காயமும் வெட்டுக்காயமுமே விரல்களை அழிக்கின்றன என்று பிராண்ட் கண்டறிந்தார். முடங்கிய கைகளுக்கு நாண்களை மாற்றிப் பொருத்தி மீண்டும் தொழில் செய்ய வைத்தார். 2003-ல் மறையும்வரை, நோவை ஒரு கொடையென்றே அவர் கூறி வந்தார்.

மூட்டு நோவின் குறி வேறு. விடிந்தெழும்போது இரு கைகளின் விரல்மூட்டுகளும் வீங்கி, அரைமணிக்கு மேலும் மடக்க முடியாதிருந்தால், வயதின் கோளாறென்று ஒதுக்கலாகாது. முடக்குவாதம் இளம் தாய்மாரையும் பற்றும்; தொடக்க மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் மூட்டுச் சிதைவைப் பெரிதும் தடுக்கலாம். சிக்குன்குனியாக் காய்ச்சலும், 2006, 2007-ம் ஆண்டுகளில் இந்நாட்டில் பரவியபோது கண்டவாறு, மாதக்கணக்கில் விரல்மூட்டுகளை வருத்துவதுண்டு. எதுவாயினும் ஆறு வாரம் கடந்தும் வீக்கம் வடியாவிடில் மூட்டுவாத நிபுணரைக் காண்க.

விளையாட்டில் கையூன்றி விழுந்த மாணவனுக்குப் பெருவிரலின் பின்புறக் குழியில் நோவு இருந்தால், எண்ணெய் தேய்த்து உருவிவிடுதல் வேண்டாம். அங்குள்ள சிற்றெலும்பின் முறிவு முதல்நாள் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தோன்றாமலும் இருக்கலாம். பத்துப் பதினான்கு நாளின் பின் மீண்டும் படம் எடுப்பது இதனாலேயே. கை வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுக.

மீன் வெட்டுகையில் முள் தைத்த விரல் முழுதும் வீங்கி, மடங்கி, நிமிர்த்தினால் உயிர் போவதுபோல் நொந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். இடக்கை நோவோடு நெஞ்சு கனத்து வியர்த்தால் அது கையின் நோயன்று. 1990 இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வருவிக்க வேண்டும்.

நம்மவர் எடுத்த எடுப்பிலேயே பெரிய நிபுணர் ஒருவரைச் 'சனல்' செய்து, அவர் வேறொருவரிடம் அனுப்ப, இருமுறை கட்டணம் செலுத்துகின்றனர். குடும்ப வைத்தியரை முதலிற் காண்பதே சிக்கனம். அவர் தரும் கடிதத்துடன் கொழும்புத் தேசிய வைத்தியசாலைக் கிளினிக்குக்குச் சென்றால் கட்டணமில்லை. மரக்கும் விரல்கள் எவை, எம்மணிக்கு விழிப்பு வருகின்றது, உட்கொள்ளும் மருந்துகள் யாவை என்பவற்றை ஒரு தாளிற் குறித்துச் செல்க. எழுத முடியாத கையானால் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.