கார்த்திகைப் புயல்கள் – 6: வாணியாறு பெருகிய நாள்

புயல் என்றால் அது கடலோரத்துச் சங்கதி என்பதுதான் தர்மபுரிப் பக்கத்து நினைப்பு. ஏரி நிரம்பினால் திருவிழா, நிரம்பாவிட்டால் வழக்கம் என்று பழகிப்போன மாவட்டம் இது. ஆண்டு முழுதும் பெய்வதைக் கூட்டினாலே ஏறத்தாழ 90 சென்டிமீட்டர்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் அது வலுவிழந்துவிட்டது என்று செய்தி வந்தது. வலுவிழந்தது காற்று மட்டும்தான். கடலிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே மெல்ல மெல்ல மேற்கே ஊர்ந்து வந்தது அந்த மேகக் கூட்டம். ஜவ்வாது மலை, கல்வராயன், சித்தேரி, சேர்வராயன் என்று வழிநெடுக மலைகள். ஈரக்காற்று மலையில் ஏறினால் குளிர்ந்து மழையாகத்தான் இறங்கியாக வேண்டும்.

டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அரூரில் 33 சென்டிமீட்டர் மழை பதிவானது. பக்கத்து ஊத்தங்கரையில் 50. 2004 வரை ஊத்தங்கரையும் தர்மபுரி மாவட்டம்தான். பிறகுதான் கிருஷ்ணகிரியோடு போனது. ஒரே நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வானிலைத் துறை அதி கனமழை என்கிறது. கடலிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊருக்கு 33 என்றால், ஒரு ஏக்கர் நிலத்தின் மேல் 13 லட்சம் லிட்டருக்கும் அதிகம். கோடையில் குடிநீர் கொண்டுவரும் 12,000 லிட்டர் லாரிகள் நூறுக்கு மேல் வரிசையாக வந்து ஒரே ஏக்கரில் கொட்டினால் எவ்வளவோ, அவ்வளவு.

அத்தனை நீரும் எங்கே போகும்? சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாறு பாப்பிரெட்டிப்பட்டி வழியாக அரூரைத் தொட்டுத் தென்பெண்ணையில் சேர்கிறது. பல ஆண்டுகள் மணலும் முள்ளுமாய்க் கிடக்கும் ஆறு அது. அந்த நாட்களில் கரை தெரியாமல் ஓடியது. தாழ்வான வயல்களெல்லாம் தண்ணீருக்குள் போயின. மரவள்ளி போட்டவர்களின் நிலைமைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நெல் சாய்ந்தால் கண்ணுக்குத் தெரியும்; மரவள்ளிச் செடி நின்றபடியே நிற்கும், கிழங்கு மண்ணுக்குள் அழுகிக்கொண்டிருக்கும். ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம்.

ஈரமான ஊர்களைவிட வறண்ட ஊர்களுக்குத்தான் வெள்ளத்தால் ஆபத்து அதிகம் என்று நான் நினைக்கிறேன். தஞ்சாவூர்க்காரர் வாய்க்காலைத் தினமும் பார்க்கிறார். அதன் குறுக்கே சுவர் எழுப்பினால் யாராவது கேட்பார்கள். இங்கே பத்து வருடம் நீர் வராத ஓடை, பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் புறம்போக்கு. முதலில் ஆட்டுப்பட்டி வரும், பிறகு தகரக் கொட்டகை, கடைசியில் மாடி வீடு. ஏரி கோடி போனால் நீர் எந்த வழியாக இறங்கும் என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார். காட்டும் இடத்தில் இன்று கடைகள் இருக்கும்.

ஃபெஞ்சலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 29 அன்று, ஸ்பெயினின் வலென்சியா வட்டாரத்திலும் இதேதான் நடந்தது. பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும் ஓடைகள் சில மணி நேரத்தில் பெருகி 200 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மழையே பெய்யாத ஊர்களுக்குள்ளும் மேட்டிலிருந்து வெள்ளம் இறங்கியது. கைப்பேசி எச்சரிக்கை வருவதற்குள் பலர் தண்ணீரில் சிக்கியிருந்தார்கள். ஆனால் வலென்சியா நகரின் பழைய பகுதி தப்பியது. 1957 வெள்ளத்தில் அடிபட்ட பிறகு தூரியா ஆற்றுக்கு ஊருக்குத் தெற்கே அகலமான புது வழி வெட்டிக் கொடுத்திருந்தார்கள். பழைய ஆற்றுப்படுகையிலும் மனை போடவில்லை; பூங்காவாக விட்டார்கள்.

நமக்கு ஆறு வெட்டும் வேலைகூட இல்லை. வாணியாறு அணையின் உபரிநீர் வெங்கடசமுத்திரம், ஆலாபுரம், தென்கரைக்கோட்டை என்று ஏரி ஏரியாய் இறங்க வழி ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கால்வாய்களின் அகலத்தை வருவாய்த் துறையின் புலப்படத்தோடு ஒப்பிட்டு அளந்து கல் நட வேண்டும், அதுவும் கோடையில், தண்ணீர் இல்லாதபோதே.

அரூரில் பெய்ததும் ஊத்தங்கரையில் பெய்ததும் தென்பெண்ணையில் ஒன்றாகச் சேர்ந்து சாத்தனூர் அணையை நோக்கிப் போயின. டிசம்பர் 2 அதிகாலை அங்கிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி திறக்க வேண்டியதாயிற்று. அந்த நீர் விழுப்புரத்திலும் கடலூரிலும் என்ன செய்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)