குதிகால் உயர்வதற்கு முன்



மேல்நாட்டாரின் பாலே நடனத்தில் ஒரு பெண் கால்விரல் நுனியிலே நின்று சுழலும் காட்சியைப் படத்திலேனும் கண்டிருப்பீர்கள். 1832 ஆம் ஆண்டில் பாரிஸ் நகர அரங்கிலே 'லா சில்ஃபீத்' என்னும் நாட்டிய நாடகத்தில் அவ்வாறு ஆடிப் பெரும்புகழ் ஈட்டியவர் மரீ தாலியோனி. இக்காலத்து ஆடற்சப்பாத்தின் முனையிலே, துணியையும் தாளையும் பசையிட்டு இறுக்கிய கெட்டியான கூடொன்று உண்டு. தாலியோனிக்கு அது வாய்க்கவில்லை. மெல்லிய பட்டுச் சப்பாத்தின் முனையையும் ஓரங்களையும் நூலால் இழையோட்டி அணிந்தார். அவரைத் தாங்கியது அவருடைய காலின் வலிமையே.

நம் வன்னிப் பாடசாலைகளிற் பிள்ளைகள் பயில்வது பரதமாயிற்றே, பாலே பற்றிய பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். இவ்விரு கலைகளும் முற்றிலும் அந்நியமானவை அல்ல. அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்ற ருக்மிணி தேவி, பாவ்லோவாவின் தூண்டுதலால் தம் நாட்டுக் கலையை நாடினார். 1936 இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். பரதத்திலே விரல்நுனியில் நிற்பதில்லை. எனினும் குதித்துமெட்டு அடவிலே முன்பாதத்திற் குதித்து நின்று, பின்னர்க் குதிகாலைத் தரையில் அடிக்கிறோம். முன்பாதத்தில் நின்று குதியால் அடிக்கும் இப்பாதத்தையே நாட்டிய சாஸ்திரம் 'உத்கட்டிதம்' என்று குறிக்கிறது.

ஆறாந் தரத்திலே நடனத்தைத் தெரிந்தெடுத்த பிள்ளைக்குத் தட்டடவே இன்னும் காலிற் படியவில்லை. அதற்குள் தமிழ்த் தினப் போட்டி வந்துவிடுகிறது, அல்லது பரிசளிப்பு விழா. பிள்ளையை மேடையேற்றுகிறோம். கைதட்டலை அதிபர்மாரும் விரும்பத்தான் செய்கிறோம். ஆனால் அதற்கு விலை கொடுப்பது அச்சிறுமியின் கணுக்கால்.

பாதம் ஒன்றிலே 26 எலும்புகள் உள. குதியை மேலே இழுப்பது கெண்டைக்காற் தசை. உள்வளைவைத் தாங்குவன பாதத்தினுள்ளே இருக்கும் சிறுதசைகள். இவை களைத்தால் பாரம் சிறுவிரற் பக்கமாகச் சரியும்; கால் சுளுக்கிக்கொள்ளும். பத்து வயதிலே எலும்பின் வளர்முனைகளும் இன்னும் இறுகியிரா. ஆகையாற்றான் பொறுப்புள்ள பாலே ஆசிரியர்கள், சில ஆண்டுப் பயிற்சி பெற்ற பிள்ளைக்கும், பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு முன் முனைச்சப்பாத்தைக் கொடுப்பதில்லை. வயது மட்டும் அளவுகோலாகாது. ஒற்றைக்காலில் நின்று, முழங்கால் மடங்காமல், இருபது முறையளவிற் குதியை உயர்த்தித் தாழ்த்த இயலுமா என்றும் பார்க்கிறார்கள்.

இதற்கான பயிற்சிக்குச் செலவில்லை. சுவரிலே கைவைத்து, இரு குதிகளையும் நான்கு எண்ணும்வரை உயர்த்துக. நான்கு எண்ணித் தாழ்த்துக. தாழ்த்தும்போது பொத்தென்று விடலாகாது. வலிமை வளர்வதிற் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. பாரம் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே இறங்க வேண்டும். முதலிற் பத்து முறை போதும். பல கிழமைகள் சென்றபின் ஒற்றைக்கால். வாங்கில் அமர்ந்து, விரல்களைச் சுருட்டாமல் நிலத்தில் அழுத்தி, உள்வளைவை மட்டும் உயர்த்துவது இன்னொன்று. பார்ப்பவருக்கு ஒன்றும் நடவாதது போலிருக்கும். செய்பவருக்குத்தான் அதன் கடுமை தெரியும். அரைமண்டியிலோ, பாதத்தைத் திருப்புவது இடுப்பிலிருந்தே தொடங்க வேண்டும். முழங்கால் விரல்களின் திசையிலே நில்லாமல் உட்புறம் சாய்ந்தால், மண்டியின் ஆழத்தைக் குறைத்துவிடுக.

தரையையும் நோக்க வேண்டும். பாலே அரங்கின் பலகைத்தளம் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். நம் வகுப்பறைச் சீமெந்து கொடுக்காது. நாமோ வெறுங்காலால் தட்டுகிறோம். முல்லைத்தீவிலே கோவலன் கூத்தாடிய முன்னோர் மண்ணிலே மிதித்தார்கள். ஆகவே சீமெந்தில் குதிக்கும் அடவுகளைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே அபிநயமோ சொற்கட்டோ பயிற்றுவது நன்று.

கெண்டைக்காலிற் பரவலாக எழும் நோவு இரண்டொரு நாளிலே தணியும். முன்கால் எலும்பில் ஒரு விரலால் தொட்டுக்காட்டக்கூடிய வலியோ, குதியைச் சுற்றி வீக்கமோ தோன்றினால், அன்றே ஆட்டத்தை நிறுத்திப் பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள். எண்ணெய் தேய்த்து மறுநாள் ஒத்திகைக்கு அனுப்பாதீர்கள்.