விடுமுறையில் கண்டு வரத்தக்க தீவுகள்

 

பள்ளி விடுமுறை தொடங்கியதும் நம் தோட்டத்துக் குடும்பங்கள் பல ஜோகூர்க் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரிலுள்ள உற்றார் உறவினர் இல்லங்களுக்குச் செல்வது வழக்கம். புக்கிட் பாத்தோக் போன்ற வட்டாரங்களின் அடுக்குமாடி வீடுகளில் சில நாள் தங்குவர், சிராங்கூன் சாலைக்குச் சென்று வீரமாகாளியம்மனை வழிபடுவர், துணிமணிகள் வாங்குவர், ஊர் திரும்புவர். இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும் அந்நகரைச் சுற்றிக் கடலில் கிடக்கும் சிறு தீவுகளைக் கண்டு வருவோர் நம்மில் மிகச் சிலரே. செலவு குறைந்த இன்பமும், பாடநூலில் படித்தவற்றை நேரிற் காணும் வாய்ப்பும், நம் முன்னோர் வாழ்வின் சுவடுகளும் அத்தீவுகளில் ஒருங்கே உள்ளன. அவற்றுள் சிலவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகத்தில் இதனைக் ‘கோடை விடுமுறை’ என்பர். நாமோ நிலநடுக்கோட்டிற்கு அருகில் வாழ்பவர்கள். நமக்குத் தனியே கோடையும் இல்லை, குளிர்காலமும் இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும். ஜூன் மாதத்தையொட்டிய தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்திராப் பக்கமிருந்து விடியற்காலையில் திடீரெனப் புயற்காற்றும் மழையும் வீசுவதுண்டு. ஆதலின் கடற்பயணம் புறப்படுமுன் வானிலையைக் கேட்டறிதல் முதற்கடமையாகும்.

கல்லிலிருந்து தொடங்குவோம்

தீவுகளுக்குச் செல்லுமுன், புக்கிட் பாத்தோக்கிலேயே காண வேண்டிய இடமொன்று உண்டு. ‘சின்னக் குய்லின்’ என மக்கள் அழைக்கும் நகரப் பூங்கா அது. பச்சை நீர் நிறைந்த குளமும், அதன் நடுவே செங்குத்தாக எழுந்து நிற்கும் கருங்கற்பாறையும் கண்ணைக் கவரும். சீனத்துக் குய்லின் மலைகளை நினைவூட்டுவதால் அப்பெயர் வந்தது. ஆனால் இக்காட்சி இயற்கையாக அமைந்ததன்று. ஒரு காலத்தில் இங்குக் கல்லுடைக்கும் குவாரி இயங்கியது. மனிதர் வெடி வைத்துப் பிளந்த பள்ளத்தில் பின்னர் மழைநீர் தேங்கியது. அதுவே இன்று பூங்காவாயிற்று. அருகிலுள்ள புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவும் கைவிடப்பட்ட குவாரியில் அமைந்ததே.

நீங்கள் கடந்து வந்த கடற்பாலமும் இவ்வகைக் கருங்கல்லால் ஆனதுதான். 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்கான கற்கள் புக்கிட் தீமாவிலிருந்தும் புலாவ் உபின் என்னும் தீவிலிருந்தும் வெட்டிக் கொணரப்பட்டன. பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து கடலைப் பார்க்கும் பிள்ளைக்கு, ‘நாம் இப்போது ஒரு தீவின் கல்மீது சென்றுகொண்டிருக்கிறோம்’ என்று கூறிப் பாருங்கள். அத்தீவைக் காணும் ஆவல் அதற்குத் தானே பிறக்கும்.

புலாவ் உபின்

இத்தீவு சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ளது. புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் சென்று, அங்கு இரயில் மாறித் தானா மேராவில் இறங்கி, 2ஆம் எண் பேருந்தில் சாங்கி கிராமத்தை அடையலாம். அங்குள்ள படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் சிறு விசைப்படகு புறப்படும். கால்மணி நேரத்திற்குள் அக்கரை சேர்ந்துவிடலாம்.

ஏறத்தாழப் பத்துச் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவில் வானளாவிய கட்டடங்கள் இல்லை. பலகை வீடுகளும், செம்மண் பாதைகளும், காட்டுப்பன்றிகளும், இருவாய்ச்சிப் பறவைகளும் உள்ளன. வாடகைக்கு மிதிவண்டி கிடைக்கும். கல்லுடைக்கும் தொழில் 1999ஆம் ஆண்டோடு முடிந்தது. பழைய குவாரிகள் ஏரிகளாகிவிட்டன. இங்கு ரப்பரும் ஒரு காலத்தில் பயிரிடப்பட்டது. காட்டினூடே இன்றும் ரப்பர் மரங்கள் நிற்கின்றன. நகரத்துப் பிள்ளைகள் பெயர் தெரியாமல் கடந்து செல்லும் அம்மரத்தை நம் தோட்டத்துப் பிள்ளை பார்த்தவுடனே சொல்லிவிடும். சிங்கப்பூரிலுள்ள மாமன் மகனுக்கும் அத்தை மகளுக்கும் நம் பிள்ளைகள் ஆசிரியராகும் இடம் இது!

தீவின் கிழக்குக் கோடியிலுள்ளது செக் ஜாவா. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல்வெளி, பவளத் துண்டுப் படிவு, கண்டல்காடு, கரையோரக் காடு ஆகிய ஆறு வகை நிலங்களும் இங்கு அடுத்தடுத்து அமைந்துள்ளன. கடல்நீர் வற்றும் நேரத்தில் நட்சத்திர மீனும் நண்டும் கடற்சாமந்தியும் கண்ணுக்குத் தென்படும். ஆகவே வற்று நேரம் கேட்டுச் செல்லுதல் நன்று.

இக்கரை இன்று நம் கண்முன் இருப்பதற்குக் காரணமான வரலாற்றையும் அறிய வேண்டும். இதனை மண் கொட்டி மேடாக்க ஒரு திட்டம் இருந்தது. 2001ஆம் ஆண்டில் அச்செய்தி பரவியபோது, இயற்கை ஆர்வலர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் பொதுமக்களும் திரளாக வந்து கண்டனர், உயிரினங்களைக் கணக்கெடுத்தனர், காக்க வேண்டுமென எடுத்துரைத்தனர். 2002ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அரசாங்கம் அத்திட்டத்தை ஒத்திவைத்தது. 2007இல் மக்கள் நடந்து காண மரப்பாலமும், 20 மீட்டர் உயரக் காட்சிக் கோபுரமும் திறக்கப்பட்டன. சென்று கண்டவர்கள் இருந்தமையால் ஓர் இடம் பிழைத்தது. இதனை மறவாதீர்கள்.

உபின் கல்லுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சிங்கப்பூரின் தெற்கே சாத்துமு என்னும் சிறு தீவில் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1854இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1855இல் அது ஒளி வீசத் தொடங்கியது. இத்தீவின் கல்லைக் கொண்டு அதனைக் கட்டியெழுப்பிய உழைப்பு, இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டோருடையது. அவர்தம் பெயர்கள் அக்கற்களில் இல்லை. உழைப்பு மட்டும் நிற்கிறது.

செயிண்ட் ஜான்ஸ் தீவும் கூசுத் தீவும்

இவ்விரு தீவுகளும் சிங்கப்பூரின் தெற்கே உள்ளன. புக்கிட் பாத்தோக்கில் ஏறிய இரயிலிலேயே மாறாமல் சென்றால், அத்தடத்தின் கடைசி நிலையம் மரினா சவுத் படகுத்துறையாகும். அங்கிருந்து படகுகள் புறப்படுகின்றன.

செயிண்ட் ஜான்ஸ் தீவில் இன்று நிழல் மரங்களும், பிள்ளைகள் குளிக்கத்தக்க அமைதியான நீர்ப்பரப்பும் உள்ளன. இணைப்புப் பாதை வழியே நடந்தால் லாசரஸ் தீவின் வெண்மணற்கரையை அடையலாம். ஆனால் நம் பாட்டன் பூட்டன்மார் காலத்தில் இத்தீவின் பெயரைக் கேட்டாலே நெஞ்சம் நடுங்கியது. வாந்திபேதி பரவியதை அடுத்து 1874ஆம் ஆண்டில் இங்குத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் ஏற்படுத்தப்பட்டது. கப்பலில் ஒருவருக்கு அம்மையோ வாந்திபேதியோ கண்டால், கூட வந்தோர் அனைவரும் இங்கு இறக்கப்பட்டு, மருந்து நீரில் குளிப்பாட்டப்பட்டு, நாள் கணக்கில் தங்க வைக்கப்படுவர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலின் மேல்தட்டில் மூட்டை முடிச்சுகளோடு வந்த எளியோர்க்கு, புதிய நாட்டின் முதல் மண் இதுவாகவும் இருந்தது. பினாங்கில் இறங்கியவர்க்கு ஜெரெஜாக் தீவு இவ்வாறே அமைந்தது.

பின்னாளில் அரசியல் கைதிகளும் செயிண்ட் ஜான்ஸ் தீவில் வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் சி. வி. தேவன் நாயர். 1951ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்சியினரால் கைதுசெய்யப்பட்டு இங்குக் காவலில் இருந்த அவர், பின்னர் தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்து, 1981 முதல் 1985 வரை சிங்கப்பூரின் அதிபராகவும் விளங்கினார். அவர் மலாக்காவில் பிறந்தவர். ரப்பர்த் தோட்டத்து எழுத்தர் ஒருவரின் மைந்தர். தோட்டத்தில் பிறந்த பிள்ளை எதுவரை செல்லலாம் என்பதற்கு இத்தீவும் ஒரு சான்றாகும்.

கூசு என்பதற்குச் சீனத்தில் ஆமை என்று பொருள். தத்தளித்த மலாய் மாலுமி ஒருவரையும் சீன மாலுமி ஒருவரையும் காக்க ஆமையொன்று தீவாக மாறியது என்பது கதை. கரையருகே 1923இல் கட்டப்பட்ட சீனக் கோயிலும், குன்றின்மேல் மலாய்ப் பெரியோர்க்குரிய அடக்கத்தலமும் உள்ளன. இரு சமயத்தார் வணங்கும் இடங்கள் ஒரே சிறு தீவில் அமைந்திருப்பது பிள்ளைகள் காண வேண்டிய பாடமன்றோ? 1975இல் மண் நிரப்பி இத்தீவைப் பெரிதாக்கினர்.

செந்தோசா

கேளிக்கைகளுக்குப் பெயர்பெற்ற செந்தோசாவைப் பிள்ளைகளே கேட்பார்கள். அங்குள்ளவற்றில் பலவற்றிற்குக் கட்டணம் மிகுதி. கடற்கரைக்கும் சிலோசோக் கோட்டைக்கும் கட்டணமில்லை. 1870களில் எழுந்த அக்கோட்டையில் பீரங்கிகளையும், 1942ஆம் ஆண்டு வீழ்ச்சியின் வரலாற்றையும் காணலாம். ‘பிளாக்காங் மாத்தி’ எனச் சாவைக் குறித்த பழைய பெயர் நீங்கி, அமைதி எனப் பொருள்படும் இன்றைய பெயர் வந்தது 1970களின் தொடக்கத்தில்தான்.

பெற்றோர் கவனத்திற்கு

கடப்பிதழ்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். செயிண்ட் ஜான்ஸ், கூசுத் தீவுகளில் உணவுக்கடையை நம்ப வேண்டா. கட்டுச்சோறும் தண்ணீரும் கொண்டு செல்லுங்கள். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். குவாரி ஏரிகள் மிக ஆழமானவை. வேலியைத் தாண்ட எவரையும் விடாதீர்கள். குரங்குக்கும் பன்றிக்கும் தீனி போடாதீர்கள். சிப்பி, பவளம் முதலியவற்றை எடுத்து வராதீர்கள்.

மாணவர்களே! புறப்படுமுன் ஒரு செயல் செய்யுங்கள். உங்கள் தாத்தா பாட்டியரிடம், ‘நம் குடும்பத்தில் முதலில் கடல் கடந்து வந்தவர் யார்? எந்தக் கப்பலில், எந்தத் துறையில் வந்து இறங்கினார்?’ என்று கேட்டு ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் நம் தோட்டத்தில் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். அவர்தம் சொல்லைக் கேட்டபின் அத்தீவின் கரையில் நின்றால், அலையின் ஓசை உங்களுக்கு வேறாகக் கேட்கும். மக்கள் சென்று கண்டமையால் செக் ஜாவா காக்கப்பட்டது. பிள்ளைகள் கேட்டறிந்தால் நம் முன்னோர் வரலாறும் காக்கப்படும். விடுமுறை முடிந்து வரும்போது அந்த ஏட்டை மறவாமல் வகுப்பிற்குக் கொண்டு வாருங்கள்.

— தலைமையாசிரியர்