எழுத்து வரவில்லையா? கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள்

கீபோர்டில் எதைத் தட்டினாலும் திரையில் எழுத்து விழவில்லை என்றால், புதிது வாங்கக் கிளம்பும் முன் கேப்ஸ் லாக் விசையைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து விடுங்கள். அதன் விளக்கை ஏற்றி அணைப்பது பெரும்பாலும் கணினிதான். ஆகவே விளக்கு மாறி மாறி எரிந்தால் கீபோர்டு கணினியோடு பேசிக்கொண்டிருக்கிறது. கோளாறை மென்பொருளில் தேட வேண்டும்.

அங்கே பலரும் கவனிக்காத ஒன்று, விண்டோஸில் உள்ள ‘ஃபில்டர் கீஸ்’. கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வந்த அருமையான வசதி இது. தவறுதலாகப் பட்டுவிடும் விசைகளைக் கணினி பொருட்படுத்தாது. வலப்பக்க ஷிஃப்ட்டை 8 வினாடி அழுத்திப் பிடித்தால், இதை இயக்கலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். படிக்காமல் ‘யெஸ்’ கொடுத்துவிட்டால், அதன்பின் வழக்கமான வேகத்தில் தட்டுவது எதுவும் பதிவாகாமல் போகலாம். ஏதாவது ஓர் எழுத்தைச் சில வினாடிகள் விடாமல் அழுத்துங்கள். அப்போது மட்டும் எழுத்து வந்தால் காரணம் இதுதான். மறுபடி அதே ஷிஃப்ட்டை 8 வினாடி அழுத்தினால் நின்றுவிடும். நல்ல கீபோர்டைத் தூக்கிப் போடும் முன் இந்தச் சோதனையை அவசியம் செய்யுங்கள்.

விளக்கு மாறவே இல்லையா? மவுஸும் நகராவிட்டால் கணினியே உறைந்திருக்கலாம், ரீஸ்டார்ட் செய்யுங்கள். மவுஸ் நகர்ந்தால் ஒயரைப் பிடுங்கி வேறு யூஎஸ்பி போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். ஒயர்லெஸ் என்றால் பேட்டரியை மாற்றுங்கள். பழைய வட்டமான பிஎஸ்/2 இணைப்பாக இருந்தால், கணினியை அணைத்துவிட்டுச் செருகுவதே நல்லது.

அதற்கும் அசையவில்லை என்றால், கணினி தொடங்கும்போதே எஃப்2, டெலீட் போன்ற விசையை (எது என்பது கம்பெனியைப் பொறுத்தது) தட்டி, விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய்ப் பாருங்கள். அங்கே விசைகள் வேலை செய்தால் கீபோர்டில் பழுதில்லை. விண்டோஸுக்குத் திரும்பி, டிவைஸ் மேனேஜரில் கீபோர்டை மவுஸால் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் டிரைவர் தானாக மீண்டும் ஏறும். நுழையும்போது பாஸ்வேர்டு தட்ட முடியாவிட்டால், திரையின் வலது கீழ் மூலையில் உள்ள அணுகல் வசதிக் குறியை மவுஸால் அழுத்தித் திரைக் கீபோர்டை எடுக்கலாம்.

சில விசைகள் மட்டும் கூட்டமாகச் செத்துவிட்டால் கதை வேறு. விசைகள் உள்ளே குழுக் குழுவாக ஒரே மின்தடத்தில் கோக்கப்பட்டிருக்கும். ஒரு தடம் அறுந்தால் அதிலுள்ள பல விசைகள் ஒன்றாகப் போய்விடலாம். டீயோ தண்ணீரோ கொட்டிய கீபோர்டுகளில் இது சகஜம். இதைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவில் சாதாரண கீபோர்டு புதிதாகவே வாங்கிவிடலாம். லேப்டாப் என்றால் கீபோர்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். அதுவரை வெளியே ஒரு யூஎஸ்பி கீபோர்டு செருகிக்கொண்டால் வேலை ஓடும்.