குதிரைவீரனின் கைத்துப்பாக்கியும் வேலூர்க் கோட்டையும்

சிராங்கூன் சாலையை ஒட்டியுள்ள கிளைவ் ஸ்திரீட்டில் தினமும் எத்தனையோ பேர் நடக்கிறார்கள். பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. இந்தியாவில் ஆங்கிலேய ஆட்சிக்கு அடித்தளமிட்ட ராபர்ட் கிளைவின் பெயர் அது. 1744ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் எழுத்தராகச் சென்னை வந்தவர் அவர். அங்கே மனம் உடைந்து தம்மையே சுட்டுக்கொள்ள இருமுறை முயன்றார் என்றும், இரண்டு முறையும் கைத்துப்பாக்கி வெடிக்கவில்லை என்றும் ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அந்தக் காலத்துத் துப்பாக்கி எப்படி வேலை செய்தது என்று அறிந்தவர்களுக்கு அது வியப்பாக இராது.

அது சக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கும் துப்பாக்கி. குழாயின் வாய்வழியே மருந்தையும் ஈயக் குண்டையும் போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள சிறு கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் மருந்து. விசையை இழுத்ததும், கல்லைக் கவ்வியிருக்கும் உறுப்பு பாய்ந்து எஃகுத் தகட்டில் மோதும். தகடு விலகிக் கிண்ணம் திறக்கும். அதில் பொறி விழும். தீ ஒரு சிறு துளை வழியே உள்ளே போய்க் குண்டைத் தள்ளும். கல் மழுங்கினால், துளை அடைத்துக்கொண்டால், மழைத் தூறல் பட்டால் எல்லாம் வீண். சில வேளை கிண்ணத்து மருந்து மட்டும் புகைந்து அடங்கிவிடும். கல்லைக் கவ்வும் அந்த உறுப்புக்குத் தமிழில் ‘குதிரை’ என்றே பெயர்.

அப்படிப்பட்ட துப்பாக்கியை, ஓடும் குதிரையின் மேல் இருந்து சுடுவதை எண்ணிப் பாருங்கள். பிரிட்டிஷ் இலகுக் குதிரைப்படையான ‘லைட் டிராகூன்’ வீரர்களின் கைத்துப்பாக்கிக்குக் குழாய் 9 அங்குல நீளம், வாய் விட்டம் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். சேணத்தின் முன்பக்கம் தோல் உறையில் அது தொங்கும். சில அடி தூரத்திற்கு அப்பால் குறி நிச்சயமில்லை. ஒருமுறை சுட்டபின் குதிரைமேல் இருந்தபடி மறுபடி கெட்டிப்பது பெரும்பாடு. கம்பி கைநழுவிக் கீழே விழுந்தால் அன்றைய சண்டைக்குத் துப்பாக்கி உதவாது. அதனால்தான் பின்னாளில் வந்த வகைகளில் கம்பியைக் குழாயோடு கீல் வைத்துப் பிணைத்துவிட்டார்கள். வீரர்கள் நம்பியது என்னவோ வாளைத்தான்.

அத்தகைய படை ஒன்று தமிழ் மண்ணில் செய்த வேலை 1806 ஜூலை 10ஆம் தேதி நடந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற உத்தரவுகளால் கொதித்துப்போன சிப்பாய்கள், விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தனர். ஆங்கிலேயப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். திப்பு சுல்தானின் கொடி கோட்டையில் ஏறியது.

செய்தி ஆற்காட்டுக்குப் போனது. அங்கிருந்த 19வது லைட் டிராகூன் படையுடன் கர்னல் ராலோ கில்லெஸ்பி ஏறத்தாழ 25 கிலோமீட்டர் விரைந்து வந்தார். படையை முந்திக்கொண்டு சிறு குழுவோடு வந்துசேர்ந்த அவரை, மதில்மேல் எஞ்சியிருந்தவர்கள் மேலே தூக்கிவிட்டார்கள். பின்னால் வந்த குதிரை இழுக்கும் பீரங்கி வாயிற்கதவைத் தகர்த்தது. உள்ளே பாய்ந்த குதிரைப்படையில் சென்னை மாகாண இந்திய வீரர்களும் இருந்தார்கள் என்பது நெருடலான செய்தி. மாண்ட சிப்பாய்கள் ஏறத்தாழ 350 பேர் என்பர். பிடிபட்டவர்களில் நூறு பேர் வரை விசாரணையின்றிச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். உத்தரவுகள் பின்னர் மீட்டுக்கொள்ளப்பட்டன. ஆளுநர் வில்லியம் பென்டிங்க் திருப்பி அழைக்கப்பட்டார்.

இந்தக் கில்லெஸ்பிக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1811ல் ஜாவாவைப் பிடித்த படையில் அவர் முன்னின்றார். அங்கே நிர்வாகத்தை ஏற்ற ராஃபிள்ஸோடு முட்டிக்கொண்டு, அவர்மீது குற்றச்சாட்டும் சுமத்தினார். 1814ல் டேராடூன் அருகே கலங்கா கோட்டைப் போரில் கில்லெஸ்பி கொல்லப்பட்டார். ராஃபிள்ஸ் 1819ல் சிங்கப்பூரில் கால்வைத்தபோது அவருடன் வந்தவர்கள் வங்காளச் சிப்பாய்கள். பின்னாளில் சென்னை மாகாணப் படைப்பிரிவுகளும் இங்கே காவலுக்கு நின்றன.

சக்கிமுக்கிக் கல்லின் காலம் 1840களோடு முடிந்தது. தட்டினால் வெடிக்கும் சிறு செம்புத் தொப்பி அதன் இடத்தைப் பிடித்தது. பழைய கைத்துப்பாக்கிகளில் மகுடமும் ‘ஜிஆர்’ எழுத்துகளும் இருந்தால் மன்னர் ஜார்ஜின் படை. மகுடம் ஏந்திய சிங்கம் இருந்தால் கம்பெனியின் படை. அந்த முத்திரைகளையும் போலியாகக் குத்தி விற்பவர்கள் உண்டு. பழம்பொருள்தானே என்று வெளிநாட்டில் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வர நினைப்பவர்கள், விமானம் ஏறுமுன் சிங்கப்பூர்க் காவல்துறையிடம் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது. இங்குள்ள ஆயுதச் சட்டங்கள் மிகக் கடுமையானவை.